மெயில் பெட்டியில் இடமில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கோ. பிழை என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன கிழமை நெடுந்தீவிலிருந்து என் பழைய மாணவி ஒருவர் வந்திருந்தார். காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வேலணைக்கு வந்தவர். தம்பியின் பாடசாலை அலுவல். பேச்சோடு பேச்சாக, "சேர், உங்கட கடிதம் வராததால என்ர ஸ்கொலர்ஷிப் விண்ணப்பம் நிண்டுபோச்சு. பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்" என்றார்.

எந்தக் கடிதம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பரிந்துரைக் கடிதம் கேட்டு எனக்கு இரண்டு தரம் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் திரும்பிப் போயிருக்கின்றன. என் மெயில் பெட்டியில் இடமில்லை. எச்சரிக்கை மாதக்கணக்காக வந்துகொண்டுதான் இருந்தது. "பிறகு பாப்பம்" என்று தள்ளிவிட்டது நான். அந்தப் பிள்ளையோ, சேருக்கு எழுத விருப்பமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜீமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அவ்வளவும். அன்ட்ரொய்ட் போனின் வட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதற்குள்தான். நிறைந்தால் மெயில் வராது, அனுப்பவும் முடியாது. நிறைந்தபடியே 2 வருடம் விட்டால் உள்ளே இருப்பதையே அவர்கள் அழித்துவிடலாம்.

ஏன் இவ்வளவு நாளும் அழிக்கவில்லை என்று என்னையே கேட்டேன். சோம்பல் ஒரு பக்கம். மற்றது, எங்கள் வீட்டில் பழைய படம் என்று ஒன்றுகூட இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத்தெருவை விட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. உம்மா, வாப்பாவின் கலியாணப் படம், எங்கள் குழந்தைப் படங்கள், எல்லாம் அலுமாரிக்குள்ளேயே போய்விட்டன. புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் வளர்ந்தவனுக்கு, கையில் கிடைத்த எதையும் எறிய மனம் வராது. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளுக்கு அனுப்பிய பாட வீடியோக்கள், ஒரே சுற்றறிக்கையின் ஏழு கொப்பிகள், காலை வணக்கப் பூப்படங்கள், எல்லாவற்றையும் வைத்திருந்தேன்.

உம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா, "அண்டைக்கு எனக்கு இருந்து பாத்து எடுக்க நேரம் தரேல்லை. உனக்கு நேரம் இருக்குத்தானே வாப்பா. இருந்து பாத்து எடு."

அன்றிரவே இருந்தேன். செய்தது இவ்வளவுதான்:

கணினியில் ட்ரைவைத் திறந்து 'சேமிப்பிடம்' பகுதிக்குப் போனால் கோப்புகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் நிற்கும். மேலே உள்ள பத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

ஜீமெயிலில் தேடும் பெட்டியின் ஓரத்தில் உள்ள அடையாளத்தை அழுத்தி, 10 எம்பிக்கு மேல் உள்ளதைத் தேடலாம். வெறும் எழுத்து மெயில் இடம் பிடிக்காது, இணைப்புகள்தான் பாரம். இணைப்பு வேணுமென்றால் இறக்கி வைத்துவிட்டு மெயிலை அழியுங்கோ.

அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதுவரை இடமும் குறையாது. தொட்டியையும் காலியாக்க வேணும்.

2021 ஜூன் 1க்கு முன் 'உயர்தரம்' அமைப்பில் போட்டோஸில் ஏற்றிய படங்கள் 15 ஜிபியில் சேராது. அவற்றை அழித்து ஒரு பயனும் இல்லை. பிள்ளைகளின் பழைய படங்களை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

விடிய இரண்டு மணி ஆனது. 15 ஜிபி 4 ஆக இறங்கியது. அழித்ததில் ஒன்றைக்கூட இன்றுவரை நான் தேடவில்லை. வைத்துக்கொண்டவை கொஞ்சம்தான்: மௌத்தான வாப்பாவின் குரல்பதிவுகள் மூன்று, பிள்ளைகளின் படங்கள், சான்றிதழ்கள். வாப்பாவின் குரல் பூப்படங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் நடுவே கிடந்தது. அது இருப்பதையே நான் மறந்திருந்தேன். இப்போது ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று என்று இரண்டு கொப்பி. படங்களில் இருபதைக் கழுவி அல்பம் போட்டு உம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த மாணவிக்கான கடிதமும் எழுதி வைத்தாயிற்று. அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ், என்னால் பிந்தாது.

விண்ணப்பம், பரீட்சை, வேலை எல்லாம் இப்போது மெயிலில்தான். உங்கள் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று இன்றிரவு ஒருக்கால் பாருங்கோ. செய்யத் தெரியாதவர்கள் பாடசாலை முடிந்த பிறகு போனைக் கொண்டு வாருங்கோ, இருந்து செய்து தருகிறேன்.

வஸ்ஸலாம்.