தேசிங்கு குதிரையும் என் 'கதம்ப'மும்!

ஆர்.எக்ஸ்.100 இன்ஜின், ராஜ்தூத் ஃபிரேம், எஸ்டி ஃபோர்க்... புதுப்பேட்டையைச் சலித்து, மெக்கானிக் அண்ணனோடு சேர்ந்து 'கதம்பம்' கட்டினேன். மூணு மாசச் சம்பளம் காலி! பின்சக்கரத்துக்குப் பெரிய ஸ்ப்ராக்கெட். வேகம் குறையும், இழுவை கூடும்.

ஆனால், ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் இன்ஜின் மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாதே! ஆகவே, செஞ்சிக்கு மினி லாரியில்தான் பவனி.

கோட்டைக்கு வெளியே நண்பனின் கல்லுக் கொல்லை. எதிரே 800 அடி ராஜகிரி. மேடேறும்போது 'பட்!' செயின் அறுந்தது.

ஆடு மேய்த்த பெரியவர் சிரித்தார். "தேசிங்கு ராசா குதிரைக்குச் செயினே கெடையாதே தம்பி!"

1714-ல் ஆற்காடு நவாப்பை எதிர்த்து உயிரை விட்ட அந்த ராஜாவின் குதிரைக்கு ஆர்.சி. புத்தகமும் கிடையாது!

செயின் லாக் மாட்டி மறுபடி உதைத்தேன். ஏறிட்டுதுங்க! மேலே நின்று நிமிர்ந்தால்... கோட்டை இன்னும் எவ்வளவோ உசரம்!