பத்தடித் தெருவும் ஓர் அகல லென்ஸும்

ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையை விசாரிப்பவர் பலர்; அதன் தேவையை விசாரிப்பவர் சிலர். விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். தேவையை நம்மிடம் நாமே கேட்டுத் தெளிய வேண்டும். புகைப்படக் கலையில் நாட்டம் கொண்டவர்களுக்கு இந்த விசாரணை மிகவும் அவசியம். கையிலிருக்கும் லென்ஸைப் பழகி முடிப்பதற்குள் அடுத்த லென்ஸின்மீது மனம் தாவுவது இக்கலைக்கே உரிய நோய். மலிவு விலையில் அகலக்கோண ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கலாமா என்னும் கேள்வி அண்மையில் நம் முன்னும் வந்து நின்றது.

நம்மிடம் உள்ளது கேனான் நிறுவனத்தின் சிறிய உணரி கொண்ட டிஜிட்டல் காமிரா. அதனுடனேயே வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான் இதுகாறும் நமக்குத் துணை. முகங்களுக்கும் கடற்கரைக்கும் தென்னந்தோப்புக்கும் அது குறை வைத்ததில்லை. அதன் எல்லை தெரிய வந்தது பழைய வீடுகளின் முன்னால்தான்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் தெருக்களை அறிந்தவர்களுக்கு அவற்றின் நெருக்கத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. பெண்களின் போக்குவரத்துக்கென விடப்பட்ட முடுக்குகளில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். கற்றூண்கள் வரிசையாக நிற்கும் பழைய பள்ளிவாசல்களின் உள்ளேயும் இதே நிலைதான். பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டிய பிறகும் தூணின் தலைப்பகுதி படத்துக்குள் வருவதில்லை.

நம் உம்மாவைப் பெற்ற பாட்டியாரின் வீடும் இத்தகைய தெரு ஒன்றில்தான் இருக்கிறது. வாரிசுகள் எழுவர். பாகப் பத்திரம் எழுதியாகிவிட்டது. பெருநாள் கழிந்ததும் வீட்டை இடித்து மனையைப் பிரிப்பது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதற்குமுன் வீட்டை முழுமையாகப் படம் பிடித்து ஆளுக்கொரு தொகுப்பு கொடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஆகவே லென்ஸ் பற்றிய கேள்வி வெறும் ஆசையாக நில்லாமல் கடமையோடு பிணைந்துகொண்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் காமிராவின் உணரி 22.3 மில்லிமீட்டர் அகலம் உடையது. பத்தடித் தெருவின் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்று 18 மில்லிமீட்டரில் படம் எடுத்தால் வீட்டின் முகப்பில் ஏறத்தாழ 12 அடி அகலமே கிட்டும். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் 22 அடி கிட்டும். எண்ணளவில் எட்டு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாட்டில்தான் இரு திண்ணைகளும் நடுவிலுள்ள தலைவாசலும் ஒரே படத்தில் அடங்குகின்றன.

கேனான் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட 10-22 மில்லிமீட்டர் லென்ஸ் நல்ல பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்றது. 2014-இல் வந்த 10-18 மில்லிமீட்டர் லென்ஸை ஏறத்தாழ அதன் பாதி விலைக்கு, 299 டாலருக்கு, அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். மூத்ததன் எடை 385 கிராம். இளையதன் எடை 240 கிராம். விலையைக் குறைத்த இடங்களும் வெளிப்படையானவை. காமிராவோடு பொருந்தும் வளையம் உலோகமன்று, பிளாஸ்டிக். வெயில் மறைக்கும் மூடியைத் தனியே வாங்க வேண்டும். ஒளி புகும் வாய் 10 மில்லிமீட்டரில் எஃப் 4.5, 18 மில்லிமீட்டரில் எஃப் 5.6. டோக்கினாவின் 11-16 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 2.8 வரை திறப்பதால், அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும்.

எனினும் மூத்ததில் இல்லாத ஒன்று இளையதில் உண்டு. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பை அதில் சேர்த்திருக்கிறார்கள். இருண்ட அறையில் ஸ்டாண்டு இல்லாமல் கால் வினாடி அளவுக்கு மெதுவாகவும் படம் எடுக்க அது உதவும். ஆனால் அது நம் கையின் அசைவைத்தான் தணிக்கும்; நிக்காஹ் வீட்டில் நடமாடுவோரின் அசைவைத் தணிக்காது. ஓடியாடும் குழந்தைகளையும் இரவு விழாக்களையும் எடுக்க விரும்புகிறவர் இதை வாங்கி ஏமாற வேண்டாம். தூணும் சுவரும் ஓடுவதில்லையாதலின் நமக்கு அந்தக் குறை பொருட்டில்லை.

அகல லென்ஸ்களுக்கே உரிய இயல்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காமிராவைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தாலும் நேரான சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். குழுவாக நிற்பவர்களை எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். மூத்தோரை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பிறகு அவர்களிடம் படத்தைக் காட்டுவது எளிய காரியமன்று!

சகோதரியின் மகன் வேறொரு கேள்வியை எழுப்பினான். “மாமா, என் கைப்பேசியிலேயே இதைவிட அகலமான படம் விழுகிறதே, இதற்கு ஏன் தனியாகச் செலவு?” என்றான். நியாயமான கேள்வி. பட்டப்பகலில் தெருவிலிருந்து முகப்பை எடுக்க அந்தக் கைப்பேசியே போதும். ஆனால் அதன் அகலக் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் உணரி மிகச் சிறியது. அரையிருட்டுக் கூடத்தில் கதவு நிலையின் பூவேலைப்பாட்டை இரண்டிலும் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினோம். நம்முடையது பழைய லென்ஸ்தான். இருந்தும் அதன் படத்தில் உளிபட்ட தடம் தெரிந்தது. கைப்பேசிப் படத்தில் அது மெழுகு போல் இழைந்திருந்தது. அவன் மறுத்துப் பேசவில்லை.

பல படங்களை எடுத்து ஒட்டும் வழியையும் முயன்றோம். தொலைவிலுள்ள காட்சிக்கு அது பொருந்தும். கைக்கெட்டும் தூரத்தில் தூண்கள் நிற்கும் கூடத்தில், காமிரா சிறிது இடம் மாறினாலும் தூணும் சுவரும் ஒட்டுவதில்லை.

வேறொன்றையும் மறக்கலாகாது. இந்த லென்ஸ் சிறிய உணரிக் காமிராக்களுக்கென்றே செய்யப்பட்டது. முழுச்சட்டக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவில் பொருந்தாது. கேனானின் புதிய கண்ணாடியில்லாக் காமிராக்களுக்கோ இடையிணைப்பு வேண்டும். அவ்வகைக் காமிரா உடையவர்களுக்கு 2023-இல் வந்த புதிய 10-18 மில்லிமீட்டர் லென்ஸே தக்கது.

ஆகவே பழையதாகவே வாங்க முடிவு செய்தோம். அதன் விலை நம் வீட்டின் ஒரு மாத மளிகைக் கணக்குக்கு ஏறத்தாழ ஈடாகிறது. கடலோர ஊர்களில் பழைய லென்ஸ் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்து மறுபக்கம் வழியே நோக்கினால், சிலந்தி நூல் போல் உள்ளே படர்ந்திருப்பது தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எத்தனை மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாருக்கும் இதை வாங்குமாறு நாம் சொல்ல மாட்டோம். சென்ற ஓராண்டில் பின்வாங்க இடமில்லாமல் நீங்கள் கைவிட்ட படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் பணம் பையிலேயே இருக்கட்டும். நமக்கோ ஒரு வீடே அந்தக் கணக்கில் நிற்கிறது. லென்ஸை அடுத்த ஆண்டும் வாங்கலாம். அந்த வீட்டின் முற்றத்தில் அசர் நேரத்து வெயில் விழுவதை அடுத்த ஆண்டு யாரும் எடுக்க முடியாது.