முதலில் வெட்டுப்படும் செலவு

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் பத்திரத்தைப் பற்றிக் கேட்பார்கள், வாஸ்துவைப் பற்றிக் கேட்பார்கள். குழாயைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். காலையில் முதன்முதலாகத் திறக்கும்போது தண்ணீர் செந்நிறமாக வருகிறதா, குளியலறையில் வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இரண்டும் உள்ளே துரு ஏறியிருக்கலாம் என்பதற்கு அடையாளம். துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் குழாய் முழுசாக இருக்கும். உள்ளே தண்ணீர் போக வழியிருக்காது.

இரும்பு மண்ணில் தாதுவாகக் கிடந்தபோது ஆக்சிஜனோடு சேர்ந்தே இருந்தது. நாம்தான் உலையிலிட்டுப் பிரித்தோம். நீரும் காற்றும் கிடைத்தால் அது பழைய நிலைக்கே போகப் பார்க்கும். அடியோடு நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அதற்குத்தான் இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மெல்லிய படலத்தை வைக்கிறோம். ஜிஐ குழாயில் அது துத்தநாகப் பூச்சு. இரும்பை விட்டுவைத்து, தான் முதலில் கரையும். ஊர்க் குடிநீர் கொண்டுவரும் பெரிய குழாய்களில் உட்புறம் சிமென்ட் பூசுவார்கள். அதன் காரத்தன்மையில் இரும்பு அடங்கிக் கிடக்கும்.

ஜிஐ குழாயில் மரை வெட்டும் இடத்தில் துத்தநாகம் போய்விடும். ஒழுக்கு பெரும்பாலும் இணைப்பில் தொடங்குவது இதனால்தான். நல்ல பிளம்பர் வெளியே தெரிகிற மரைக்குத் துத்தநாக பெயின்ட் அடித்துவிட்டுத்தான் கிளம்புவார். செப்புக் குழாயை ஜிஐ குழாயோடு நேராகச் சேர்க்க விடாதீர்கள். நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு இல்லாவிட்டால் இரும்புதான் அரிபடும். கீசர் தொட்டிகள் பலவற்றில் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாகக் கரைவதே அதன் வேலை. அதைக் கழற்றிப் பார்த்து மாற்றுகிற வீடுகள் எத்தனை? தொட்டி ஒழுகிய பிறகு கீசரையே தூக்கிப் போடுகிறார்கள்.

காப்புக்காகச் செய்த செலவு நன்றாக வேலை செய்யும்போது ஒன்றுமே நடப்பதில்லை. ஒன்றும் நடக்காததாலேயே அது தண்டச் செலவாகத் தெரிகிறது. அடுக்ககச் சங்கமானாலும் நகராட்சியானாலும், சிக்கனம் என்று பேச்செடுத்தால் பேனா முதலில் போவது அந்த வரிக்குத்தான். இளையவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்றொரு நகரம். 2014இல் அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்தார்கள், ஏழைகள் அதிகம். நெடுங்காலமாக டெட்ராய்ட்டிலிருந்து ஹியூரான் ஏரித் தண்ணீரை வாங்கிவந்தார்கள். அதில் பாஸ்பேட் கலந்து வரும். குழாயின் உட்சுவரில் படிந்து உலோகத்தைக் காக்கும். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். ஆற்று நீரில் குளோரைடு அதிகம், அரிப்பும் அதிகம். அந்தத் தண்ணீருக்குப் பாஸ்பேட் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்க்க நாளொன்றுக்கு நூறு டாலர் அளவில்தான் ஆகியிருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள்.

படலம் கரைந்தது. வீடுகளில் செந்நிறத் தண்ணீர் கொட்டியது. உள்ளூர் ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிப்பதைக் கண்டு அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை விட்டு விலகிக்கொண்டது. மக்கள் மேலும் ஓராண்டு அதையே குடித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வீட்டு இணைப்புகளில் ஆயிரக்கணக்கானவை ஈயக் குழாய்களாக இருந்தன. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மோனா ஹன்னா அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் 2015இல் வெளிக்கொணர்ந்தார். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அந்தக் கேட்டை மருந்தால் சரிசெய்ய முடியாது. அரிபடும் இரும்பு, கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரினையும் தின்று தீர்க்கும். அந்த மாதங்களில் லீஜியோனேர் என்ற நுரையீரல் நோய் பரவி 12 பேர் இறந்தார்கள். குளோரின் குறைந்ததே அதற்கு இடம்கொடுத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

2015 அக்டோபரில் ஏரித் தண்ணீருக்கே திரும்பினார்கள், பாஸ்பேட்டையும் கூட்டினார்கள். ஆனால் கரைந்த படலம் மறுபடி படிய மாதக்கணக்கில் ஆகும். தெருத்தெருவாகத் தோண்டி ஈயக் குழாய்களை மாற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மக்கள் தொடுத்த வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீடு மட்டும் 60 கோடி டாலருக்கு மேல்.