ஆளுக்குத் தக்க அளவு

திருச்சி கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி கல்லுப்பள்ளி என்று ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. அப்துல்லா பின் முகம்மது என்பவர் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆண்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734. நபிகள் நாயகம் மறைந்து நூறு வருஷம்தான் தாண்டியிருந்தது. முகம்மது பின் காசிம் சிந்துவில் படையோடு இறங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் படை எட்டிக்கூடப் பார்க்காத காவிரிக்கரையில் அடுத்த தலைமுறைக்குள் தொழ ஓர் இடம் எழுந்துவிட்டது. இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கூட வந்த பேரனுக்கு ஏமாற்றம். "இவ்ளோதானா தாத்தா?" என்றான். மினாரா கிடையாது, பெரிய குவிமாடம் கிடையாது. கல்தூண், அதன்மேல் கல் பாவிய கூரை. கோயில் மண்டபம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம்.

அவனை நிறுத்தி வைத்துச் சொன்னேன். தோளோடு தோள் நிற்கணும், குனியணும், நெற்றி தரையில் படணும். ஆளுக்கு ஒரு பாய் இடம் போதும். முகம் மக்கா பக்கம் இருக்கணும். மிச்சமெல்லாம் நம்மூர் கல்தச்சன் கைப்பழக்கம். கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழைய பள்ளிகளிலும் அவன் கைதான் தெரியும்.

திருச்சியின் உறையூர்ப் பருத்தித் துணிக்கு அந்தக் காலத்திலேயே கடல்தாண்டிப் பேர். துணி தேடி வந்தவர்கள் தொழுவதற்காக எழுந்த பள்ளியாக இது இருக்கலாம். எங்கள் காலடிப்பேட்டையும் துணியால் உண்டான ஊர்தான். 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை. அவர்களுக்கும் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் வந்தது. பிழைக்கப் போன இடத்தில் கும்பிட ஓர் இடம் வேண்டியிருக்கிறது, யாராக இருந்தாலும். ஆனால் எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை பேருக்குக் கட்டுவது எல்லோருக்கும் வராது. பக்கத்து ஊரைவிட உசரமாக என்று ஆரம்பித்து, வசூல் தீர்ந்து, கம்பி துருப்பிடித்து நிற்கிற கோபுரங்களும் மினாராக்களும் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

என் மகன் வீட்டுக்கு மூன்றாவது மாடி எடுக்க பிளான் போட்டு வைத்திருக்கிறான். வீட்டில் நாங்கள் நாலு பேர். ஊர் திரும்பியதும் அந்த பிளானை விரித்து, எந்த அறையில் யார் படுப்பது என்று பேரனையே பென்சிலால் எழுதச் சொன்னேன். மூன்று அறைக்கு எழுதப் பேர் இல்லை.