சான்பாடாவிலிருந்து படுகளத்திற்கு

வாஷிக்கும் ஜூயிநகருக்கும் இடையே அமைந்தது சான்பாடா. ஹார்பர் லைன் வண்டிகள் தங்கும் கார்ஷெட் இங்குள்ளது. தானே செல்லும் வண்டிகளும் இங்கு நிற்கும். செம்பூரிலும் மாதுங்காவிலும் இடம் போதாமல் கடற்கழியைக் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன.

மாலை வேளையில் அடுக்கு வீடுகளின் முற்றத்தில் பிள்ளைகள் அட்டை வாளும் பிளாஸ்டிக் கதையும் ஏந்திப் போர் புரிவர். ஒருவன் பீமன், மற்றவன் துரியோதனன். இருவரும் பகைத்தது ஏன் என்று வினவினால் விடை வாராது. ஆண்டு விழாவில் பெரியோர் பயிற்றும் நாடகமோ இதற்கு நேர்மாறு. வசனம் நீளும், வாள் உறையை விட்டு வெளிவராது, பிள்ளைகள் கொட்டாவி விடுவர்.

மேனாட்டிலும் இவ்வழக்கு உண்டு. வேடம் பூண்டு, மெத்தென்ற வாளேந்தி, கதைமாந்தராகவே உலவி ஆடும் விளையாட்டு அங்கே பெருகியுள்ளது. 1982-இல் இங்கிலாந்தின் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் அத்தகைய ஆட்டம் ஒன்று தொடங்கிற்று. சண்டை எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்னும் வினா அவர்களிடையேயும் ஓய்ந்தபாடில்லை.

நம் தொண்டை நாட்டு மக்கள் இதற்குத் தலைமுறை தலைமுறையாக விடை கண்டு வைத்துள்ளனர். சென்ற வைகாசியில் விடுப்பெடுத்துச் செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திரௌபதி அம்மன் விழாவைக் கண்டேன். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என இரவுக்கொரு கதை. கூத்தில் போர் நிகழும் நேரம் சிறிதே. அதற்கு முன் நீளும் தர்க்கமே போருக்கு உயிர். கர்ணன் களம் புகுமுன் பொன்னுருவியுடன் வாதிடுவதைக் கேட்டவர்க்கு, அவன்மேல் பாயும் அம்பு தம்மேல் பாய்வது போலிருக்கும். துச்சாதனன் வேடதாரி கற்பூரம் ஏற்றி வணங்கிய பின்னரே சேலையில் கை வைத்தார். வேடம் வேறு, தாம் வேறு என்பதை அவர் மறக்கவில்லை.

இறுதி நாள் படுகளம். ஊர்ப் பொட்டலில் மண்ணாலான துரியோதனன் பேருருவாய் மல்லாந்து கிடந்தான். பீமனும் துரியோதனனும் கதையேந்தி அவ்வுருவைச் சுற்றி ஓட, ஊரே பின்னால் ஓடிற்று. வேடிக்கை பார்ப்பவர் என ஒருவரும் இலர். தொடை பிளந்தது, செந்நீர் பெருகிற்று, திரௌபதி கூந்தல் முடித்தாள். வெற்றி முழக்கம் எழுமென எதிர்பார்த்தேன், எழுந்ததோ ஒப்பாரி. பெண்கள் கண்ணீர் சிந்தினர். பல இரவுகள் அவன் வழக்கைக் கேட்டவர்கள் அவன் சாவை விளையாட்டாகக் கொள்வது எங்ஙனம்? மாலையில் தீமிதி நடந்தது.

நம் பிள்ளைகள் பள்ளியில் பயில்வது ஆங்கிலமும் மராத்தியும் இந்தியும். தமிழ் வீட்டில் உணவு கேட்கும் மொழியாகச் சுருங்கி வருகிறது. அவர்கள் கையிலுள்ள வாளைப் பறிக்க வேண்டா. வாளெடுக்குமுன் ஒவ்வொருவனும் தன் கட்சியைத் தமிழில் அவையோர்முன் எடுத்துரைக்க வேண்டும் என்று விதி செய்வோம். வெல்ல விரும்புபவன் சொல் தேடுவான். சொல் தேடுபவன் தாய்மொழியிடம் வருவான்.

இவ்விழாக்களுள் பல சித்திரை, வைகாசியில் நிகழ்வன. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அப்போதே. கல்யாணில் சென்னை வண்டி ஏறி அரக்கோணத்தில் இறங்கினால், காஞ்சிபுரம் வழியே செய்யாறு செல்லப் பேருந்து உண்டு. அன்பர்கள் ஒருமுறையேனும் குழந்தைகளுடன் சென்று வருக.