டோனர் கணவாயும் ஒரு ஜோடி செயினும்

ஒரு பழைய கொசுவத்தி சுத்தப் போறேன் மக்களே. 2008 ஜனவரி கடைசி. கலிஃபோர்னியாவில ஃப்ரீமாண்ட்ல இருந்தோம். அங்கேர்ந்து லேக் டாஹோவுக்குக் கிட்டத்தட்ட 200 மைல். சாதாரணமா நாலு மணி நேரத்துல போயிரலாம். நாங்க போக பதினஞ்சு மணி நேரம் ஆச்சு.

என்னோட கொரோலாவுல நான், ரூம்மேட் மதுரைக்காரன், பக்கத்து அபார்ட்மெண்ட் அண்ணன், அண்ணி, அவங்க ஒண்ணரை வயசுப் பொண்ணு. மதுரைக்காரனுக்கு எச்1 ஆறு வருஷம் முடிஞ்சு போச்சு. அடுத்த புதன்கிழமை ஃப்ளைட், மொத்தமா ஊருக்கு. "ஆறு வருஷம் அமெரிக்காவுல இருந்துட்டு பனி பெய்யுறதப் பாக்கலன்னா எங்கம்மா நம்பாதுடா"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தான். அவனுக்காகத்தான் இந்தப் பயணம்.

பனிக்காலத்துல அந்த மலைக்குப் போகணும்னா டயருக்கு செயின் வேணும். வருஷத்துக்கு ஒருவாட்டி மாட்டுற சங்கிலிக்குக் காசு எதுக்குன்னு, ஆபீஸ்ல கூட ஆணி புடுங்குற ஒருத்தர்கிட்ட ஓசி வாங்கிட்டேன். பையோட டிக்கியில போட்டதோட சரி, ஜிப்பைக்கூடத் திறக்கல. வெள்ளிக்கிழமை ராத்திரி புளியோதரை கட்டிக்கிட்டே அண்ணி கேட்டாங்க, "செயின் எல்லாம் சரியா இருக்கா தம்பி?" "பாத்துட்டேன் அண்ணி"ன்னேன். வாய் கூசவே இல்ல.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கிளம்பி, சாக்ரமெண்டோ தாண்டி, ஐ-80ல மலை ஏற ஆரம்பிச்சோம். ஆபர்ன் வரைக்கும் வெறும் மழை. கோல்ஃபாக்ஸ் தாண்டினதும் மழைத்துளி கொஞ்சம் மெதுவா விழுற மாதிரி இருந்துச்சு. இன்னும் மேல போனா ரெண்டு பக்கமும் பைன் மரமெல்லாம் வெள்ளை. மதுரைக்காரன் கண்ணாடியில மூக்கை ஒட்டி வச்சுக்கிட்டான். குழந்தையும் அதே மாதிரி. ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்ல.

அப்புறம் வந்துச்சு செக்கிங். நாலு சக்கரமும் ஓடுற வண்டி, அதுல பனி டயர் இருந்தா விட்டுருவாங்க. மத்தவங்க ஓரம்கட்டி செயின் மாட்டணும். மாட்டிவிட லைசென்ஸ் வாங்கின ஆளுங்க நம்பர் போட்ட மேல்சட்டையோட நிப்பாங்க. நம்ம கொரோலாவுக்கு முன்சக்கரத்துல மாட்டணும். அந்த ஆளு மண்டி போட்டு சங்கிலியை விரிச்சுப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. டயர் ஓரத்துல 195/65ன்னு எழுதியிருந்ததைத் தொட்டுக் காட்டிட்டு, "இது பெரிய வண்டிக்கானது, உன் சக்கரத்துல லொடலொடன்னு தொங்கும்"ன்னுட்டாரு. ஓசி குடுத்தவர் வச்சிருந்தது ஜீப் மாதிரி ஒரு வண்டின்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவர்கிட்டயே வேற வாங்கலாம்னா, அவங்க மாட்டித்தான் விடலாம், விக்கக் கூடாதாம். அப்படி ஒரு சட்டம்.

அண்ணன் இறங்கி வந்தாரு. குளிர்ல காதெல்லாம் சிவந்திருந்துச்சு. "யாருடா இதை வாங்கினது?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மதுரைக்காரன், "நான்தாண்ணே. சைஸ் பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன்"ன்னான்.

அண்ணன் அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாரு. கைக்குழந்தையோட வர்றோம்னு தெரியாதா, ஊருக்குப் போற நினைப்புலயே இருக்கியா, அது இதுன்னு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணாடியில பின்சீட்டு தெரிஞ்சுது. அண்ணி என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல.

திரும்பி கீழ இறங்கினோம். கோல்ஃபாக்ஸ்ல கேட்டா தீர்ந்து போச்சு. ஆபர்ன் வரைக்கும் வந்து, ஒரு கடையில வரிசையில நின்னு 70 டாலருக்கு வாங்கி, மறுபடி மேல ஏறி, மாட்டி முடிக்கறப்போ இருட்டிருச்சு. செயின் போட்டா 25, 30 மைல் வேகத்துக்கு மேல போக முடியாது. கடகடன்னு மாட்டுவண்டி மாதிரி ஒரு சத்தம் வேற. அதுவும் கொஞ்ச நேரம்தான். முன்னாடி எங்கயோ ஒரு லாரி வழுக்கி, மடங்கி, ரோட்டுக்குக் குறுக்கால நின்னுருச்சு. எல்லா வண்டியும் அப்படியே நின்னுது. நாலு மணி நேரம்.

கணவாயோட உச்சி 7,239 அடி. நம்ம கொடைக்கானல் உயரம்தான். ஆனா அங்க ஸ்வெட்டர் போட்டு சுண்டல் தின்னவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அந்தக் கணவாய்க்கு டோனர்னு பேர். 1846ல இல்லினாய்ல இருந்து கலிஃபோர்னியாவுக்கு மாட்டு வண்டியில கிளம்பின கூட்டம். குறுக்கு வழின்னு ஒருத்தன் சொன்னதை நம்பிப் போய், வாரக்கணக்குல தாமதமாகி, இந்த மலைக்கு வந்து சேரும்போது பனி மூடிருச்சு. 87 பேர்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பொழைச்சாங்க. செத்தவங்களைத் தின்னு பொழைச்சவங்களும் அதுல உண்டு. அங்க ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. அதோட பீடம் 22 அடி, அந்த வருஷம் பனி அவ்வளவு உயரம் இருந்துச்சுன்னு காட்டுறதுக்காக. மத்தியானம் ஏறும்போது இந்தக் கதையைச் சொல்லி, "முதல்ல அண்ணனைத்தான் திங்கணும், நல்லா கொழுகொழுன்னு இருக்காரு"ன்னு சிரிச்சோம். ராத்திரி யாரும் அதைப் பத்திப் பேசல.

பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழ போயிருச்சு. கொஞ்ச நேரம் எஞ்சினைப் போடறது, சூடானதும் அணைக்கறது. போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் புகைக்குழாயை மூடின பனியைத் தள்ளிட்டு வரணும். இல்லன்னா புகை உள்ள வந்து தூக்கத்துலயே ஆள் போயிருவோம். பாட்டில்ல பால் தீர்ந்துச்சு. குழந்தை அழுதா பாருங்க, அந்த அழுகையில ஒவ்வொரு சத்தமும் எனக்குன்னே வந்த மாதிரி இருந்துச்சு.

மதுரைக்காரன் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கிட்டான். வரிசையா நின்ன வண்டி ஒவ்வொண்ணா கண்ணாடியைத் தட்டிப் பால் கேட்டுக்கிட்டே போனான். கொஞ்ச தூரத்துல ஆளே தெரியல. இருபது நிமிஷம் கழிச்சு தலை, தோளெல்லாம் வெள்ளையா, கையில ஒரு சின்னப் பால் டப்பாவோட வந்தான். டப்பாவை அண்ணிகிட்ட குடுத்துட்டு உள்ள ஏறாம வெளியவே நின்னான். நானும் இறங்கினேன்.

"சத்தமே இல்லடா. மழைன்னா சத்தம் வரும்ல. இது பாரு, பாட்டுக்கு விழுந்துக்கிட்டே இருக்கு"ன்னான்.

ட்ரக்கியில மோட்டலுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி மணி ஒண்ணு. அண்ணனும் அண்ணியும் ஒரு ரூம், நாங்க ஒரு ரூம். லைட்டை அணைச்சதுக்கப்புறம் கேட்டேன், "ஏண்டா அப்படிச் சொன்ன?"

"நான் புதன்கிழமை போயிருவேன். ஞாயித்துக்கிழமையானா அவங்க வீட்டுல போய் உக்காந்து சோறு திங்கப் போறவன் நீதான?"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டான். அஞ்சு நிமிஷத்துல குறட்டை.

மறுநாள் வெயில் அடிச்சுது. ஏரியைப் பாத்தோம். 1,645 அடி ஆழமாம், அதனால அவ்வளவு குளிர்லயும் உறையாதாம். நல்ல நீலம். எல்லார்கிட்டயும் இருக்குற அதே போட்டோ எங்ககிட்டயும் இருக்கு.

அதுக்கப்புறம் அண்ணன் வீட்டுல எத்தனையோ ஞாயித்துக்கிழமை சாப்பிட்டாச்சு. அந்தப் பொண்ணு இப்ப காலேஜ்ல. யாராவது டாஹோ போறோம்னு சொன்னா போதும், அண்ணன் ஆரம்பிச்சுடுவாரு, "எங்க கூட ஒரு மதுரைக்காரன் இருந்தான், சைஸ் பாக்காம..."ன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். போன டிசம்பர்ல வீடியோ கால்ல அவனை வச்சுக்கிட்டே சொன்னாரு. "ஆமாண்ணே, அன்னைக்கு நல்லா வாங்கினேன் உங்ககிட்ட"ன்னு அவனும் சிரிக்கிறான். அண்ணி காபி டம்ளரை என் முன்னாடி வச்சுட்டு, அன்னைக்குக் கண்ணாடியில பாத்த அதே பார்வை பாத்துட்டு உள்ள போயிட்டாங்க.

நான் எழுதுறதையெல்லாம் அண்ணன் படிப்பாரு. அண்ணே, அந்தப் பையை வாங்கினதும் நான்தான், திறந்து பாக்காததும் நான்தான். இந்த ஞாயித்துக்கிழமை வரலாமா வேண்டாமான்னு அண்ணிகிட்ட சொல்லி அனுப்புங்க.