விளக்கு அணைந்த வாத்தியம்

எழுத்து அழிவது வேறு. எழுத்தைக் காட்டும் விளக்கு அணைவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு நல்ல பொருளைக் குப்பையிற் சேர்ப்போர் நம்மிற் பலர். நமது இசைக்குழுவின் கோர்க் எம்-1 வாத்தியத்திற்கும் அக்கதியே நேரவிருந்தது.

1988-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஜப்பானியச் சிந்தசைசர் 61 கட்டைகளை உடையது. வரிக்கு 40 எழுத்தாக 2 வரி கொள்ளும் சிறு கண்ணாடியொன்று அதன் முகப்பில் உண்டு. எந்த ஓசையைத் தேர்ந்தோம், எதை மாற்றினோம் என்பதெல்லாம் அதிலேதான் தெரியவேண்டும். தோட்டத்துத் திருவிழாக்களிலும் நகரத்துத் திருமண மண்டபங்களிலும் பல்லாண்டு உழைத்தபின் அக்கண்ணாடி இருண்டது. கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதன் காலம் முடிந்தது, புதிது வாங்குங்கள்" என்றார். பணம் ஒருபுறமிருக்கட்டும். குழுவின் மூத்த அண்ணன், நாயனத்தின் குரலுக்கு அருகில் வரவேண்டுமென்று இரவிரவாக உட்கார்ந்து அமைத்த ஓசைகள் அதன் நினைவில் இருந்தன. அவர் இன்று இல்லை. அவ்வோசைகளுக்கு வேறெங்கும் பிரதியும் இல்லை.

அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைக் கண்ணாடியின்மேற் சாய்வாகப் பாய்ச்சினோம். எழுத்துக்கள் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தன! ஆகவே, பழுது எழுத்திலன்று. அதன் பின்னாலுள்ள ஒளியில்தான்.

உடனே திறந்துவிடலாமென்றார் இளையவர் ஒருவர். கூடாதென்றோம். அவ்வோசைகளைக் காத்து நிற்பது நாணயமளவான ஒரு பேட்டரி. உள்ளே கைவைக்கும்போது அதன் தொடர்பு அறுந்தால் யாவும் போம். எனவே, டார்ச் வெளிச்சத்திலேயே எழுத்தைப் படித்து, மிடி வடத்தின் வழியே எல்லா ஓசைகளையும் கணினிக்கு அனுப்பி, இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்ட பிறகே திருகாணியைத் தொட்டோம்.

உள்ளே இருப்பது பல்பு அன்று. துத்தநாக சல்பைடு பூசிய மெல்லிய ஏடு. மாறுமின்னோட்டம் பாய்ந்தால் அப்பூச்சு சூடேறாமலே ஒளிரும். இவ்விந்தையை 1936-இல் வெளியிட்டவர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ என்னும் பிரெஞ்சு அறிஞர். ஒளிர ஒளிர அப்பூச்சு தேயும். ஈரம் புகுந்தால் இன்னும் விரைவிற் கெடும். நமது நாட்டு ஈரத்தைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வாத்தியத்தினுள் உள்ள தாழ்ந்த மின்னழுத்தத்தை ஏட்டிற்கு வேண்டிய அளவு உயர்த்திக் கொடுப்பது இன்வெர்ட்டர் என்னும் சிறு உறுப்பு. வேலை செய்யும்போது அது மெல்லக் கீச்சிடும். (அதை எலியென்று கருதிப் பெட்டியைத் தட்டியவரும் நம் குழுவில் உண்டு.)

கீச்சொலி கேட்டது. காதை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்தும் பார்த்தோம். ஏட்டின் முனை வரையில் மின்சாரம் வந்து நின்றது. மின்சாரம் வந்தும் ஒளி இல்லையெனில் ஏடு செத்ததென்பது தெளிவு. மின்சாரம் வராதிருந்தால் இன்வெர்ட்டரையே சந்தேகித்திருப்போம்.

எல்இடி விளக்கு நீடித்துழைக்கும், கீச்சிடாது என்பது உண்மை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னுள்ள இடுக்கு அட்டைக் கனமே உடையது. இரும்புச் சட்டத்தைப் பெயர்த்து இடம் செய்தால், கண்ணாடியையும் பலகையையும் இணைக்கும் நுண்ணிய தொடர்புகள் குலையும். ஆதலால் புதிய ஏட்டையே தருவித்தோம். மின்முனைகளுள்ள ஓரத்தை விட்டு, மற்ற ஓரங்களைக் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினோம்; பிசிறு நின்றால் இரு படலங்களும் தொட்டுக்கொள்ளும். வெட்டுவாயில் ஈரம் புகாமலிருக்கத் தெளிந்த ஒட்டுநாடா ஒட்டினோம். பற்றவைப்பு மட்டும் நம்மை நடுங்கவைத்தது. சூடு ஒரு கணம் மிகுந்தால் பிளாஸ்டிக் உருகிவிடுமே!

மின்சாரம் கொடுத்ததும் கண்ணாடி பசுமை கலந்த நீலமாக ஒளிர்ந்தது. ஓசையின் பெயருக்கு இவ்வாத்தியம் 10 எழுத்துக்கு மேல் இடந்தராது. ஆங்கில எழுத்தில் அண்ணன் இட்ட பெயர் நின்றது: "நாயனம் 3". நூறு ஓசைகளையும் புரட்டிப் பார்த்தோம். ஒன்றும் இரண்டும் எங்குமில்லை. அவருக்கே அவை பிடிக்காமல் அழித்திருக்க வேண்டும்.